தொண்டைப் புத்தர்

சிப்பிக் கொட்டகையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு நவம்பர் பிறந்துவிட்டால் விரல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். இசோகா துறையில் விடியுமுன்னே கொட்டகை விளக்குகள் எரிய ஆரம்பித்துவிடும். மேடையில் மலைமாதிரி கொட்டிக் கிடக்கும் சிப்பி. இடது கையில் ஒன்றை எடுத்து, வலது கைக் கத்தியை ஓட்டின் இடுக்கில் நுழைத்து, உள்ளே பிடித்துக்கொண்டிருக்கும் தசையை ஒரே இழுப்பில் அறுத்து, சதை கிழியாமல் வழித்து வாளியில் போட வேண்டும். கிழிந்த சதையைச் சந்தைக்காரன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். ரப்பர் கையுறைக்குள் பஞ்சுக் கையுறை போட்டாலும் கடல்தண்ணீரின் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். அதனால் அங்கே யாராவது "கை மரத்துப்போச்சு" என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சோறு வெந்தது, மழை வருது என்பதுபோல அதுவும் ஒரு பேச்சு. தமோட்சு தன் கை மரத்துவிட்டதாகச் சொன்னபோதும் அந்தத் துறையில் ஒருவரும் காதுகொடுக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

அவர் பெண்டாட்டி மிட்சுயோவும் காதுகொடுக்கவில்லை. "எனக்கு மட்டும் என்ன, சூடா இருக்கா?" என்றுதான் கேட்டாள்.

தமோட்சுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கடலில் மிதக்கும் மூங்கில் தெப்பங்களில் சிப்பி ஒட்டிய கம்பிகள் தொங்கும். படகிலிருக்கும் பாரந்தூக்கியால் அவற்றை மேலே இழுத்து, கரைக்குக் கொண்டுவருவது அவர் வேலை. கூட நிற்பவன் ரியோஹெய், செத்துப்போன அண்ணன் கென்ஸோவின் மகன், நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறவன். கரையில் சிப்பி உடைக்கிற மேடையில் மிட்சுயோவும், கென்ஸோவின் பெண்டாட்டி நோபுகோவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள், இவர்கள் அப்படியில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகத் தோளோடு தோள் உரசி நின்றதில் ஒருத்தி இருமினால் மற்றவளுக்குத் தொண்டை கரகரக்கும்.

வசந்தத்தில்தான் ஆரம்பித்தது. தமோட்சுவுக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரலைத் துழாவிக்கொண்டு நிற்பார். பிறகு சாப்பிடும் குச்சியால் மீனிலிருந்து முள்ளை எடுக்கமுடியாமல் போனது. பீன்ஸ் விதை குச்சியிலிருந்து நழுவி மேஜையெல்லாம் உருளும். மிசோ சாற்றுக் கிண்ணம் ஒருநாள் கையிலிருந்து அப்படியே போய்விட்டது. கோடையில் நடையும் மாறியது. காலை அகட்டி, பஞ்சுமேல் நடப்பவரைப்போல வைத்து வைத்து நடந்தார்.

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் விடுமா? "அண்ணன் போன வழியில தம்பியும் கிளம்பிட்டாரு" என்று கொட்டகையில் பேச்சு எழுந்தது. நோபுகோ பக்கத்தில் நிற்கிறாளே என்றுகூட யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. அவளுக்கும் அது புதிதில்லை.

கென்ஸோ குடித்துச் செத்தவர் என்று துறைக்கே தெரியும். கடைசி இரண்டு மூன்று வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். படகில் ஏற்றினால் ஆபத்து என்று தம்பியே அவரைக் கரையில் இறக்கிவிட்டார். ஒரு ஜனவரியில், நீர் வற்றியிருந்த நேரம், படகு இறக்கும் சறுக்கில் விழுந்து கிடந்தவரை விடிந்து பார்த்தபோது உயிர் இல்லை. கழுத்து முறிந்திருந்தது. அன்றுமுதல் தமோட்சு சொட்டு தொடுவதில்லை என்று அண்ணன் படத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார். மிட்சுயோவுக்கு அந்த வாக்குதான் பெரிசு. அதை மீறிவிட்டாரே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

படகின் கருவிப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். வலைமூட்டைக்குள் கைவிட்டாள். மூங்கில் அடுக்குக்குப் பின்னால், குளியலறைப் பலகைக்குக் கீழே, எங்கும் பாட்டில் இல்லை. கிடைத்திருந்தால் ஒரு சண்டையோடு ஆறியிருப்பாள். கிடைக்காததில்தான் கோபம் கூடியது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கத் தெரிந்த மனுஷனோடா இத்தனை வருஷம் வாழ்ந்தோம் என்று நினைத்தாள்.

"எங்க வெச்சிருக்கீங்கன்னு சொல்லிடுங்க. நானே ஊத்தித் தரேன்" என்றாள் ஒருநாள் சோறு பரிமாறும்போது.

"கெடைச்சா எனக்கும் ஒரு வாய் குடு. இந்த மரமரப்புக்காவது ஆகும்" என்றார் அவர். குச்சியை வைத்துவிட்டுக் கரண்டி கேட்டார். கொஞ்சநாளாகக் குழந்தைமாதிரி கரண்டியில்தான் சாப்பிட்டார்.

அக்கம்பக்கத்தில் சொன்னார்களே என்று பக்கத்து ஊரில் நீவிவிடுகிறவரிடம் போனார். ஐம்பது வயதுக்குமேல் எல்லாருக்கும் வருகிற தோள்பிடிப்புதான் என்று அந்த ஆள் கழுத்தைப் பிடித்து ஒரு திருகு திருகினான். முதுகு வழியாகக் குதிகால்வரை மின்சாரம் பாய்ந்ததாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது தமோட்சுவின் உதடு வெளுத்திருந்தது. மிட்சுயோ அப்போதும் அவர் கண் சிவந்திருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

டிசம்பரில் வருஷக்கடைசி வியாபாரம். கொட்டகையில் எல்லாருக்கும் தலைக்குமேல் வேலை. தெப்பத்தில் கம்பியைத் தூக்கிக்கொண்டிருந்த தமோட்சு, மேலே சிக்கிய கொக்கியைப் பார்க்கத் தலையை அண்ணாந்தாராம். அவ்வளவுதான். யாரோ காலை வாரிவிட்டதுபோலப் படகின் தளத்தில் விழுந்தார். ரியோஹெய் அலறிக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்தான். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கண் திறந்திருந்தது, வாய் பேசியது. கழுத்துக்குக் கீழே மட்டும் அவர் இல்லை.

"மிட்சு, என் கைய எங்க வெச்சிருக்கேன்?" என்று கேட்டார். கை அவர் வயிற்றின்மேல்தான் கிடந்தது.

ஆம்புலன்ஸில் வந்த பையன் அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தான். குடித்திருக்கிறாரா என்று கேட்டான். மிட்சுயோ, ஆமாம், அப்படித்தான் நினைக்கிறேன் என்றாள். கொட்டகைப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் மறுக்கவில்லை.

ஹிரோஷிமாவில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசிய ஒரு பெண். ரத்தத்தில் சாராயம் துளிகூட இல்லை என்று முதலில் சொல்லிவிட்டாள். பிறகு எத்தனை நாளாகப் பொத்தான் போடவில்லை, எத்தனை நாளாகக் கரண்டி, நடை எப்போது மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் கணக்காகக் கேட்டாள். மிட்சுயோ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எல்லாவற்றையும் அவள் பார்த்திருந்தாள். ஒன்றுவிடாமல் பார்த்திருந்தாள். பார்த்து வேறு பெயர் வைத்திருந்தாள்.

டாக்டர் திரையில் படத்தைக் காட்டினாள். "முதுகெலும்ப ஒண்ணோட ஒண்ணு கட்டிவைக்கிற நார் இருக்கு பாருங்க, அது நாராவே இருக்கணும். இவருக்கு அது சுண்ணாம்பு ஏறி எலும்பாயிடுச்சு. நரம்பு இறங்குற குழாய்க்குள்ள வளர்ந்து, நரம்ப நெருக்குது. முன்பக்கமும் விடல, எலும்பெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிடக்கு."

நம் ஜப்பான் ஜனங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாகவே வருகிறது என்றாள். மெள்ள மெள்ள வரும், முதலில் விரல், அப்புறம் கால். வயசு என்பார்கள், தோள் என்பார்கள், குடி என்பார்கள், கடைசியில் ஒரு சின்ன விழுகையில் எல்லாம் போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு வருவதும் உண்டு. "கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு அண்ணன். இல்ல, செத்துட்டாரு."

"எப்படி?"

குடித்து விழுந்து என்ற சொல் நாக்குவரை வந்தது. மிட்சுயோ அதைச் சொல்லவில்லை. திரையில் வெள்ளையாக, மெழுகு வழிந்து இறுகினதுபோல, கழுத்தெலும்புகளின் முன்னால் படிந்திருந்த அந்தக் கட்டியை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். படத்தில் இல்லை. குச்சியால் பிடித்துத் தூக்கியிருக்கிறாள்.

கென்ஸோவை எரித்த அன்றைக்கு, சாம்பல் தட்டு வெளியே வந்ததும் வழக்கம்போலச் சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஆளுக்கு ஒரு ஜோடிக் குச்சி. இரண்டிரண்டு பேராக ஒரே எலும்பைச் சேர்ந்து பிடித்துக் கலயத்தில் போடவேண்டும். காலில் தொடங்கி மேலே வரவேண்டும், அப்போதுதான் செத்தவர் கலயத்துக்குள் நேராக நிற்பார். கடைசியில் கழுத்தில் ஒரு எலும்பு, கை கூப்பி உட்கார்ந்த புத்தர் மாதிரி இருக்கும். தொண்டைப் புத்தர் என்பார்கள். அதைத் தனியாக எடுத்து எல்லாருக்கும் காட்டிவிட்டு வைப்பார் சுடுகாட்டுக்காரர். அன்றைக்கு அந்தக் கிழவர் இடுக்கியால் கிளறினார், கிளறினார், பிறகு ஒரு கட்டியைத் தூக்கிக் காட்டினார். நாலைந்து எலும்பு சேர்ந்தாற்போல ஒரே துண்டு.

"மன்னிக்கணும். புத்தர் தனியா வரமாட்டேங்குறாரு. மேலயும் கீழயும் ஆளுங்களப் புடிச்சிட்டு உக்காந்திருக்காரு" என்றார்.

"செத்தும் கூட்டாளிங்கள விடல பாரு எங்கண்ணன்" என்றார் தமோட்சு. அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டது. நோபுகோவும் கண்ணீரோடு சிரித்தாள். இவ்வளவு கெட்டியான எலும்பு நூறில் ஒருத்தருக்கு இருக்கும், உழைத்த உடம்பு என்று கிழவர் மெச்சினார். அந்தத் துண்டை மிட்சுயோவும் நோபுகோவும்தான் சேர்ந்து பிடித்துத் தூக்கினார்கள். அந்தப் பக்கத்துக் கலயம் சின்னது. அது உள்ளே இறங்கவில்லை. கிழவர் அனுமதி கேட்டுக்கொண்டு இடுக்கியால் அழுத்தி உடைத்தார்.

இத்தனையையும் அவள் டாக்டரிடம் திக்கித் திணறிச் சொன்னாள். டாக்டர் மூக்குறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பார்க்காததைப் பற்றி உறுதியாகச் சொல்லமாட்டேன், ஆனால் இருக்கலாம், நிரம்பவே இருக்கலாம் என்றாள். "அவருக்குப் பிள்ளைங்க இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க. விழறதுக்கு முன்னாடி."

கழுத்தின் பின்பக்கம் திறந்து, நரம்புக்கு இடம் பண்ணிவிட்டார்கள். மேற்கொண்டு கெடாது, போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்லமுடியாது என்றார்கள். ஜனவரிக் கடைசியில் தமோட்சு நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவுவரை நடந்தார். வலது கை கரண்டியைப் பிடித்தது, இடது கை பெயருக்குத் தொங்கியது. படகு இனி இல்லை. அதை யாரும் அவரிடம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மிட்சுயோ அவருக்குச் சோறு ஊட்டும்போது ஒருநாள் தாங்கமாட்டாமல் வாயைத் திறந்தாள். "அன்னைக்கு ஆம்புலன்ஸ்காரன் கேட்டப்ப நான்..."

"கேட்டேன். காது நல்லாத்தானே இருந்துச்சு." அவர் மென்று விழுங்கினார். "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். அண்ணனுக்கு நான் சொல்லலியா? கால் கேக்கலடா தம்பின்னாரு. கால் கேக்காது, பாட்டில்தான் கேக்கும்னு படகுலேருந்து எறக்கிவிட்டேன்."

மிட்சுயோவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அவர் துடைக்கக் கையைத் தூக்கினார், அது அவள் முகம்வரை வரவில்லை.

அண்ணியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றார் தமோட்சு. குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று அழுது தீர்த்துவிட்டு ஒரு மாதிரி நிமிர்ந்து நிற்கிறாள். இதைப் போட்டு அவளை எதற்குச் சாய்க்கிறாய் என்றார். செத்தவர் செத்தவர்தான். ரியோஹெய் திடமாகத்தானே இருக்கிறான்?

போன ஞாயிற்றுக்கிழமை ரியோஹெய் சித்தப்பாவைப் பார்க்க வந்திருந்தான். பேசிக்கொண்டே ஒரு ஆரஞ்சை உரித்தான். தோலில் நகம் ஏறவில்லை. நசுக்கினான், சாறு முழங்கைவரை வழிந்தது, கடைசியில் சிரித்துக்கொண்டு அப்படியே கடித்தான். மிட்சுயோ அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை வேறு பெயர் வைக்க அவளிடம் பெயர் இல்லை.

மறுநாள் காலை கொட்டகையில் தன் இடத்தில் போய் நின்றாள். ஓடு கொட்டுகிற இரைச்சலில் பக்கத்திலிருப்பவளுக்கு மட்டும்தான் பேச்சு கேட்கும்.

"அக்கா. நம்ம வீட்டுக்காரருக்கு இருக்கிறதுதான் பெரியவருக்கும் இருந்திருக்கு."

நோபுகோ ஒரு சிப்பியைத் திறந்தாள். இன்னொன்றைத் திறந்தாள். "அவரு குடிச்சாரு" என்றாள்.

"குடிச்சாருதான். இந்தத் துறைல யாரு குடிக்கல? அவங்கெல்லாம் சுவத்தப் புடிச்சிட்டா நடந்தாங்க?"

"எந்த டாக்டர் சொன்னா?"

"டாக்டர் உறுதியா சொல்லல. அந்தப் படத்துல பாத்தேங்கா. கழுத்தெலும்பு ஒட்டிக்கிட்டு, மெழுகு வழிஞ்ச மாதிரி. நீங்களும் நானும் ஒண்ணா தூக்கினோமே, கலயத்துல எறங்கலன்னு உடைச்சாங்களே, அதேதான்."

நோபுகோவின் கத்தி நிற்கவில்லை. ஆனால் வாளியில் விழுந்த சதை கிழிந்திருந்தது. அடுத்ததும் கிழிந்தது. அந்தத் துறையிலேயே அவள் கைச் சிப்பிதான் முழுசாக விழும் என்று பெயர்.

"நோபு, கால் என்னுது இல்ல, யாரோ ஒருத்தன் காலுங்குற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு" என்றாள் நோபுகோ. "போதையில உளறாதீங்கன்னேன். அவருக்கு வலி. வலிக்குத்தான் கடைசியில ஜாஸ்தி குடிச்சாருபோல. நான் மாத்திப் புரிஞ்சிக்கிட்டேன்." கத்தியை ஓட்டில் வைத்தாள், அழுத்தவில்லை. "புத்தர் தனியா வரலன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேனேடி மிட்சு."

"எல்லாருந்தான் சிரிச்சோம். நான் சிரிக்கலியா?"

"அவரு எனக்குப் புருஷன் மாதிரி இல்ல, பாரம் மாதிரிதான் கடைசில இருந்தாரு. செத்ததும் மூச்சு விட்டேன். அத யாருகிட்டயும் சொன்னதில்ல."

மிட்சுயோ அவள் முழங்கையைத் தொட்டாள். இத்தோடு நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, நிறுத்தினால் இங்கே வந்து நின்றதே வீண் என்று பட்டது. ரியோஹெயை உடனே காட்டவேண்டும் என்றாள். ஆரஞ்சுப்பழத்தைச் சொன்னாள். பிள்ளைகளுக்கும் வரும், விழுவதற்கு முன்னால் பிடித்தால் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

நோபுகோ கத்தியை மேடையில் வைத்தாள். வேலை நேரத்தில் அவள் கத்தியைக் கீழே வைத்து மிட்சுயோ பார்த்ததில்லை.

"அகேமி போயிட்டா" என்றாள். அகேமி ரியோஹெயின் பெண்டாட்டி. "அத்தே, இவரு ஏன் தள்ளாடுறாரு, கிண்ணத்த ஏன் போடுறாருன்னு அழுதா. அப்பன் ரத்தம்டி, இது மாறாதுன்னேன். நான் பட்டது போதும், நீ சின்னவ, புள்ளையத் தூக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிருன்னேன். அவ போகமாட்டேன்னா. நான்தான் துணிய மடிச்சுப் பையில வெச்சு, பஸ் ஏத்திவிட்டேன். முந்தாநேத்து."

"அவன் இப்ப எங்க?" என்று கேட்டாள் மிட்சுயோ.

"எங்க இருப்பான். சித்தப்பா இல்லாத படகுல தனியா தூக்கிட்டிருக்கான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நோபுகோ நடக்க ஆரம்பித்துவிட்டாள். ரப்பர் அங்கியும் கையுறையுமாக, வரிசையில் நின்ற பெண்களைத் தாண்டி வெளியே போனாள். மிட்சுயோ பின்னால் ஓடினாள். அகேமியின் எண்ணைக் கைபேசியில் தேடினாள். குளிரில் விறைத்த விரல் எழுத்தின்மேல் பதியவில்லை, பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினாள். துறையில் காற்று அடித்தது. தெப்பங்களிலிருந்து படகு வந்துகொண்டிருந்தது. நோபுகோ விளிம்பில் நின்று, ஏறாதே, அங்கேயே இரு, நான் வருகிறேன் என்று கத்தினாள். நீர் வற்றியிருந்ததால் இரும்பு ஏணியில் நாலைந்து படி ஏறித்தான் கரைக்கு வரவேண்டும். அவனுக்குக் காற்றில் கேட்கவில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு படிக்கும் காலைத் தேடித் தேடி வைத்து ஏறினான். நோபுகோ குப்புறப் படுத்துக்கொண்டு அவன் அங்கியின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தாள்.

அவன் கரையில் முட்டிபோட்டு நிமிர்ந்தான். அம்மா வேலையை விட்டு ஓடிவந்திருக்கிறாள், சித்தி மூச்சு வாங்க நிற்கிறாள், கொட்டகை வாசலில் அத்தனை பெண்களும். எதற்கு என்று அவனுக்குத் தெரியும்போல இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னே அவன் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயைத் திறந்து, 'ஹா' என்று ஊதினான்.

"போதுமாம்மா? இன்னைக்கும் வாடை ஒண்ணும் இல்ல" என்றான்.

"தெரியும்டா" என்றாள் நோபுகோ. "ஒண்ணும் இல்லன்னு தெரியும்டா." அவன் அங்கியை அவள் விடவில்லை. மிட்சுயோவின் கையில் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது, அகேமி இன்னும் எடுக்கவில்லை.